மோட்டார் மேல் குற்றம் இல்லை

அன்பு மகள் ஃபிளோராவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், பசு கன்று போட்டிருக்கிறது, நாற்றங்கால் மட்டும் சுகமாக இல்லை. ஜெர்மனியில் நீ சுகமா. இதில் ஒவ்வோர் எழுத்தும் நானே எழுதியது, மூன்று நாள் ஆனது. முதியோர் கல்வி வகுப்பில் விஜயலட்சுமி டீச்சர் பார்த்துவிட்டு, எனக்கே இவ்வளவு அழகா வராதுங்க என்றார், எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ குறுக்கே பேசுகிறாய். இதில் அது முடியாது. அம்மா படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவாள், முழுவதும் படி.

நீயும் சேர்ந்து செய்த அந்தச் சின்ன செயற்கைக்கோள் மேலே போய் மூன்று வாரம் ஆகிறது, இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. நீ படித்த பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நம் மோட்டார் கொட்டகை மேல் ஆண்டெனா வைத்துக்கொண்டு தினமும் காலையில் வந்துவிடுகிறார்கள். சுற்றிலும் வயல், இடைஞ்சல் இருக்காது என்று அன்றைக்கு இடத்தைக் காட்டியவள் நீதான். இப்போது நான்தான் இடைஞ்சல். மோட்டார் ஓடினால் இரைச்சலில் சிக்னல் அமுங்கிவிடுகிறதாம். நமக்கு த்ரீ பேஸ் கரண்ட் வருவதே காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். செயற்கைக்கோள் தலைக்கு மேல் போவது பத்து நிமிடம், அதற்கு எட்டரை வரை மோட்டாரைப் போடாதே என்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை. பன்னிரண்டு நாளாக அரை மணி நேரத் தண்ணீர்தான், நாற்று நுனி கருகிவிட்டது.

போன புதன்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஊரிலேயே கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவே இல்லை, அன்றும் அவர்களுக்கு அதே கரகரப்பு. லேப்டாப்புக்காக ஒரு பேட்டரியும் இன்வர்ட்டரும் கொண்டுவந்து ஆண்டெனாவுக்குக் கீழேயே வைக்கிறார்கள். நான் என் ரேடியோவை அந்த இன்வர்ட்டர் பக்கம் கொண்டுபோனேன், கரகர என்றது. வரப்புக்குக் கொண்டுபோனேன், தெளிவாகப் பாடியது. அந்தக் குழுவுக்குத் தலைவன் பரிதி, அவனிடம் சொன்னேன். தாத்தா, அது வேற அலைவரிசை, உங்களுக்குச் சொன்னா புரியாது, மோட்டார மட்டும் நிறுத்துங்க என்றான். நல்ல பையன்தான், டீ வாங்கித் தருவான், காது மட்டும் கொடுக்க மாட்டான். மாலையில் உனக்குப் போன் செய்தால் நீயும், அப்பா, அவங்க படிச்சவங்க, சொல்றதக் கேளுங்க என்று வைத்துவிட்டாய். அவன் சொன்னது எனக்கு உறைக்கவில்லை, நீ சொன்னதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக மோட்டாரின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவன் நான், அது உனக்குத் தெரியாதா.

மாதக் கடைசிக்குள் சிக்னல் வராவிட்டால் செயற்கைக்கோள் போய்விட்டது என்று எழுதி முடித்துவிடுவார்களாம். நாற்று அதுவரைகூடத் தாங்காது. வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்குச் செயற்கைக்கோள் நம் வயலுக்கு மேல் வருகிறது, கொட்டகைச் சுவரில் அவர்கள் ஒட்டிய நேரத் தாளை நானே படித்தேன். ஆறு மணிக்கு மோட்டாரைப் போடுவேன். ஏழு மணிக்கு நிறுத்துவேன், அது போனதும் மறுபடி போடுவேன். இன்வர்ட்டரை நிறுத்தச் சொல்ல வேண்டியது நீ. நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டுபிடித்ததாகச் சொல், அப்போதுதான் கேட்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாதா உன்னோடு இருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை ஏழு பத்து, நம் ஊர் நேரம், மறந்துவிடாதே.

உன் அப்பா,
சூ. குழந்தைராஜ்