காதுக்குப் பின்னால் இரண்டு தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் பெண் வணக்கத்துடன் எழுதுவது. மகளின் பிரசவத்துக்காக அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள்; அத்தனை வேலைக்கு நடுவில் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். போனில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். தெருவில் எல்லாருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேனே தவிர, கடிதம் எழுதிப் பழக்கமில்லை. முதலில் 'பொருள்' என்று போட்டுவிட்டு, பிறகு அடித்தேன். தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

தாயும் குழந்தையும் நலம் என்று ஐயா சொன்னார். பேத்திக்கு உங்கள் மூக்காம். "அந்த மூக்கு வந்தா கோபமும் கூடவே வரும்" என்றார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

துரையைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் போனில் நீங்கள் கேட்கும்போது, "அதுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கு" என்று ஐயா சொல்வது மாடிப்படியில் எனக்குக் கேட்கும். துரை அப்படி இல்லை, அம்மா.

நீங்கள் போன பிறகு அதன் முடியைக் காதிலிருந்து வால் வரை தினமும் வாரிவிட ஆளில்லை. காதுக்குப் பின்னால் முடி பின்னிக்கொண்டு, எலுமிச்சை அளவுக்கு ஒரு சிக்கு. நீங்கள் விரலாலேயே பொறுமையாகப் பிரிப்பீர்கள். ஐயாவோ நாற்பது வருடம் தையல் கடை நடத்தியவர். "ஒரே வெட்டு, தொரைக்கே தெரியாது பாரு" என்று துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். வயதான நாய்க்குத் தோல் தொளதொளவென்று இருக்குமாம். சிக்கைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடவே எழும்பி வருமாம். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். துரை கத்தக்கூட இல்லை. ஐயாவின் முகத்தைத்தான் பார்த்தது.

மருத்துவர் இரண்டு தையல் போட்டார். அந்தக் காயம் ஆறிவிட்டது, பயப்பட வேண்டாம். திரும்பி வரும் வழியில் ஐயா, "என் கை கிழிச்சத இன்னொருத்தர் தைக்க வேண்டியதாப் போச்சேம்மா" என்றார். அதோடு சரி, துரையை அவர் தொடுவதே இல்லை. அது கழுத்தை வளைக்காமல் சாப்பிடத் தட்டை முக்காலி மேல் வைக்கிறார். கால் வழுக்காமல் இருக்கக் கூடம் முழுக்கத் தடித்த துணியை ஒட்டுப்போட்டு விரிப்பு தைத்திருக்கிறார். எல்லாம் செய்கிறார். கை மட்டும் அதன்மேல் படுவதில்லை.

துரைக்கு இது புரியவில்லை. அவர் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் சிரமப்பட்டுத் திரும்பிப் படுத்து, தையல் போட்ட காதையே அவர் பக்கம் காட்டுகிறது. அவர் எதையோ மறந்தவர் போலச் சமையலறைக்குள் போய்விடுகிறார்.

வேலைக்குப் போகுமுன் வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து, அதன் கண் பீளையையும் பின்பக்கத்தையும் நான் துடைத்துவிடுகிறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளும். என் கையில் சீப்பைக் கண்டால் உறுமும். இப்போது முன்னங்கால் இடுக்குகளில் இரண்டு சிக்கு. நடந்தால் தோலை இழுக்கிறது. நேற்று அங்கிருந்து ஒரு வாடை. மருத்துவரிடம் ஓடினேன். "உள்ளே புண்ணாக ஆரம்பிச்சிருக்கு. மயக்க ஊசி போட்டு மழிச்சிடலாம், ஆனா இதுக்கு இதயம் பலவீனம், அப்புறம் எந்திரிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. அது நம்புற கை ஒண்ணு தினம் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சா ஊசியே வேண்டாம்" என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம் என்றிருக்கிறார். நீங்கள் வர இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

ஐயாவிடம் சொன்னேன். "நீ படிச்ச பொண்ணு, நீயே பாத்துச் செய்யி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன். காலையில் அவர் முகத்தைப் பார்க்காமலேயே படியிறங்கினேன்.

பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் கேட்க நினைத்தது வேறு. இந்த ஞாயிறு துரை எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கிறது. கத்தரி பட்டது தெரியும் என்று சொல்லுங்கள். நான்தான் சொன்னேன் என்றும் சொல்லிவிடுங்கள். கோபம் என்மேல் இருக்கட்டும். உங்கள் கையாலும் எப்போதாவது அதற்கு வலித்திருக்கும்தானே, அதையும் சொல்லுங்கள். பிறகு அவரைத் துரை பக்கத்தில் உட்காரச் சொல்லி, எங்கே விரல் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருங்கள். முதல் சிக்கு பிரியும் வரை மட்டும் போனை வைத்துவிடாதீர்கள், அம்மா.

தங்கள் பதிலுக்குப் பயத்துடன் காத்திருக்கும்,
மாடி அறைப் பெண்