பாப்பாவின் மாடி அறையும் சந்தின் காற்றும்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெளியே போகும்போது மறக்காமல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதோடு இது போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. நான் காற்றைப் பார்த்தேன் பாப்பா. ஃபேன் ரிப்பேர் செய்தே உன்னைப் படிக்க வைத்தவன் நான், காற்று என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஆனால் காற்றைக் கண்ணால் பார்த்தது போன வாரம்தான். அதைச் சொல்லிவிட்டு உன் மாடி அறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

நம் சந்தில் இரண்டு வெயில் காலமாகச் சூடு தாங்கவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் கொண்டாட்டம். ராப்பகலாக ஓடி மோட்டார் கருகிப்போன ஃபேன்கள் சந்தில் எல்லா வீட்டிலிருந்தும் கடைக்கு வந்து குவிந்தன, சந்தே வேகுது, உங்களுக்கு மட்டும் பல்லெல்லாம் தெரியுது என்று உன் அம்மா திட்டுவாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறாரே, அவர்பாடுதான் பெரும்பாடு. போன மாதம் ஒரு மத்தியானம் நாக்கு வறண்டு நினைவு தப்பி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்து வந்துவிட்டார், ஆனால் இன்னொரு முறை இப்படி வந்தால் உடம்பு தாங்காது, அறையில் காற்று இருக்கணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். தையல்காரம்மா என்னிடம் வந்து, முன்னெல்லாம் பொழுது சாஞ்சா நல்லா காத்து வரும்ணா, இப்ப என்னமோ வர்றதே இல்ல என்றாள். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி, உலகமே சூடாயிடுச்சும்மா, நம்ம கையில என்ன இருக்கு என்று சொல்லி ஒரு புது ஃபேனை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கு நடுவில் நகராட்சிக்காரர்கள், கூரைமேல் கேமரா வைத்த ஒரு காரைத் தெருத்தெருவாக ஓட்டினார்கள், விளக்குக் கம்பங்களில் சூடும் காற்றும் அளக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டினார்கள். எங்கே மரம் வைக்கலாம், எங்கே நிழல் போடலாம் என்று முடிவு செய்ய நகரத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டிவிட்டார்களாம், பார்க்க வாருங்கள் என்று எங்களைப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். குறை சொல்லலாம் என்றுதான் போனேன், உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியாதா. போய் உட்கார்ந்தால் திரையில் நம் ஊர் இருக்கிறது பாப்பா. படம் இல்லை, ஊர். என் கடை, கடை வாசலில் சாய்ந்துபோன கம்பம், நம் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அப்படியே. ஆட்கள்தான் இல்லை, கொடியில் துணி இல்லை. நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர்ப் பெண், உன் வயதுதான் இருக்கும், சூரியனைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நகர்த்திக் காட்டினாள், வீடுகளின் நிழல் தரையில் நீண்டு, சுருங்கி, மறுபக்கம் திரும்பிப் படுத்தது. ஒரு முழு நாளும் என் கண்ணெதிரே போய்விட்டது, எனக்கு வாய் மூடவில்லை. பிறகு, இப்ப காத்த விடுறேன் என்றாள்.

அதை எப்படி எழுதுவேன். மைதானத்துப் பக்கமிருந்து மெல்லிய நூல் நூலாக, ஆயிரக்கணக்கில், வெளிர்நீலத்தில் வந்தது. சுவரில் மோதிப் பிரிந்தது, மூலையில் சுழன்றது, தோதான இடம் கிடைத்த தெருவில் சரசரவென்று ஓடியது. இத்தனை காலமாக என் தலைமுடியைக் கலைத்தது இதுதானா, இவ்வளவு அழகாகவா இருந்தது என்று தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எல்லாத் தெருவிலும் நுழைந்த காற்று நம் சந்தில் மட்டும் நுழையவில்லை. நம் வீட்டு மாடிக்கு மேலே ஏறி, அப்படியே சந்தைத் தாண்டிப் போய்விட்டது. கீழே சந்து முழுக்கச் சிவப்பு, சூட்டுக்கு அந்த நிறமாம். அந்தப் பெண்ணுக்கு அது யார் வீடென்று தெரியாது. இந்த முனை வீடு தாழ்வா இருந்தவரைக்கும் காத்து அது வழியாத்தான் சந்துக்குள்ள இறங்கியிருக்கு, இப்ப மேல ஏதோ ரூம் வந்திருக்கு, அதான் தடுக்குது என்றாள். சொல்லிக்கொண்டே உன் அறையை ஒரு விரலால் தொட்டு எடுத்துவிட்டாள். காற்று தடதடவென்று சந்துக்குள் இறங்கியது, சிவப்பு மெல்ல மெல்லப் பச்சையானது. திரும்ப வைக்கச் சொன்னேன், வைத்தாள், நின்றுவிட்டது. எடுக்கச் சொன்னேன், வந்தது. எத்தனை முறை சொன்னேனோ, அவளும் முகம் சுளிக்காமல் செய்தாள். நீ வந்தால் தங்குவதற்கென்று இரண்டு வருஷத்துக்கு முன் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டிய கதையாக, காற்றை அடைத்துவிட்டு வீடு வீடாக ஃபேன் மாட்டியிருக்கிறேன். ஹாலில் இருந்த நம் சந்துக்காரர்கள் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தையல்காரம்மா மட்டும் மெல்லிய குரலில், மெஷின்தானேண்ணா, தப்பாவும் சொல்லும் என்றாள். அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, சுவரை இடிக்கப் போகிறேன் என்றேன். உன் அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். புள்ள வந்தா எங்க படுப்பா, ரோட்டுலயா, இனிமே அவ வரவே வேணாம்னு நெனச்சிட்டீங்களா என்று கேட்டாள். பிள்ளை ரூம் சாவி பிள்ளைகிட்டதான் இருக்கணும் என்று இரண்டு சாவியில் ஒன்றைப் பார்சலில் உனக்கு அனுப்பிவைத்தவள் அல்லவா. அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை, சாப்பாடு தட்டில் ணங்கென்று விழும், அவ்வளவுதான். சரி, இது என் வாயால் ஆகிற காரியம் இல்லை என்று அவளையும் அந்தப் பெண்ணின் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். முழுசா இடிக்காம ஏதாவது வழி இருக்கா கண்ணு என்று உன் அம்மா கேட்டாள். அந்தப் பெண் யோசித்து, நாலு தூணையும் மேல்தளத்தையும் விட்டுவிட்டுத் திரையில் சுவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாள். காற்று அறை வழியாகவே நுழைந்து, கொஞ்சம் வேகம் குறைந்தாலும், சந்துக்குள் இறங்கியது. அதில் சாம்பல் நிறத்தில் ஆள் பொம்மைகளும் உண்டாம். ஒரு பொம்மையை எங்கே நிறுத்தினாலும் அங்கே மனுஷ உடம்புக்கு எப்படி இருக்கும் என்று நிறம் மாறிக் காட்டுமாம். நான் தயங்கித் தயங்கி, அந்தத் தளத்துக்கு அடியில ஒரு ஆளை நிறுத்திக் காட்டும்மா, வெயில் காலத்துச் சாயங்காலம் என்றேன். யாரு ஐயா அது என்றாள். என் பொண்ணு என்றேன். நிறுத்தினாள். கொஞ்ச நேரம் சாம்பலாகவே நின்றது, பிறகு காலிலிருந்து தலை வரை பச்சையானது. நல்லா இருக்காங்க ஐயா, சுகமா இருக்காங்க என்றாள். உன் அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் மூக்கு முட்ட நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கா என்றாள். அந்தப் பெண் சிரித்தாள், நானும் சிரித்தேன், உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும், கொத்தனாருக்குச் சொல்லிடுங்க என்றாள். உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டோம். கேட்டால் நீ உடனே இடிங்கப்பா என்பாய், அதைக் கேட்கிற தெம்பு அன்றைக்கு எனக்கு இல்லை.

நேற்று மைதானத்துப் பக்கச் சுவரும் சந்துப் பக்கச் சுவரும் இறங்கின. சாயங்காலம் நான் கடை வாசலில் ஒரு ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்குள்ளிருந்து, அய்யய்யோ வெட்டி வச்ச துணியெல்லாம் பறக்குதே, எவன்டா அது என்று தையல்காரம்மா கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் முந்தானை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலில் இருந்தவர் ஃபேனை நிறுத்தச் சொன்னாராம், சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் படுத்திருக்கணும் என்று. கம்ப்யூட்டருக்குள் அந்தப் பெண் விட்ட காற்று நிஜத்தில் வந்து என் கழுத்தில் பட்டது பாப்பா. என் தொழிலுக்கு இனிமேல் இந்தச் சந்தில் பெரிய வேலை இருக்காது, அதற்காக ஒருவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், மனம்போல நன்றாக இரு. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. அந்த அறைச் சாவி பத்திரமா என்று உன் அம்மா ஒவ்வொரு போனிலும் கேட்பாளே, இனிமேல் கேட்க மாட்டாள். அறைக்கு இனிக் கதவு கிடையாது. நீ எப்போது வந்தாலும் திறந்துதான் இருக்கும், வா.

இப்படிக்கு,
உன் அப்பா
(எழுதியதை எல்லாம் எட்டிப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டிய அம்மாவும்)