காலை வண்டி நிற்காத தரிப்பிடம்

12.11.1974

அன்புள்ள மைமூனாவுக்கு,

அல்லாஹ் உமக்கும் உம்மா வாப்பாவுக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக. நான் சுகம். உமது இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். கதிரையில் இருந்தால் எழும்ப மனமில்லாத களைப்பு.

நீர் பிள்ளைப்பேற்றுக்கு மூதூர் போன அடுத்த கிழமை ரெயில்வே கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. திருகோணமலைக்குப் போகும் காலை வண்டி இனி நமது தரிப்பிடத்தில் நிற்காது; பின்னேர வண்டி மட்டும் நிற்கும். ஏறுகிற சனம் குறைவாம். அறிவித்தலைச் சுவரில் ஒட்டியவன் நான். அதனால் ஏச்சும் எனக்குத்தான். தயிர் விற்கப் போகும் கனகம்மா அக்கா, "கொடி உங்கட கையிலதானே தம்பி இருக்கு?" என்று கேட்டார். ஓம், என் கையில்தான் இருக்கிறது. பச்சையைக் காட்டி வண்டியைப் போகவிடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

போன வியாழக்கிழமை காலை, வயற்காவல் சின்னராசா தன் மனைவி அன்னலட்சுமியை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்னலட்சுமிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டிருந்தது. ரெயில் வர ஐந்து நிமிடம் இருந்தது. "ஒருக்கா மறியுங்கோ தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்" என்று கெஞ்சினார். நான் சிவப்புக் கொடியை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன், மைமூனா. ஆனால் அனுமதியில்லாமல் வண்டியை மறித்த ஒருவரைப் போன மாதம் வேலையால் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. நீரும் நினைவுக்கு வந்தீர். "ஏலாது அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பச்சையைக் காட்டினேன். வண்டி வேகம் குறையாமல் போனது. அவர்கள் தம்பலகாமம் வரை மாட்டு வண்டிலிலேயே போய், அங்கே பஸ் பிடித்து, ஆஸ்பத்திரி சேர மத்தியானம் திரும்பிவிட்டதாம்.

அன்னலட்சுமி பிழைத்துவிட்டார். மற்றதை நேரில் சொல்கிறேன்.

நேற்று சின்னராசா தன் மனைவியைக் கூட்டிவரப் போவதற்காகப் பின்னேர வண்டிக்கு வந்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். "நீங்க என்ன தம்பி செய்வீங்க, உங்கட வேலை அப்பிடி" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இன்று காலை மேலிடத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். இனி நோயாளர் யாரும் வந்தால் காலை வண்டியை மறிப்பேன் என்று எழுதினேன். அனுமதி கேட்கவில்லை; அறிவித்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். வேலை போகவும் கூடும். உம்மைக் கேளாமல் செய்ததற்கு மன்னியும்.

உமக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று மருத்துவிச்சி சொன்னதாக எழுதியிருக்கிறீர். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது. மூதூரிலிருந்து கடல் கடந்து வரும் லோஞ்சு ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், கடல் அமர்ந்திருக்கிற முதல் நாளிலேயே வாப்பாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலை ஓர்ஸ் ஹில்லுக்கு, என் உடன்பிறந்த நஜ்முன் நிஸா ராத்தா வீட்டுக்கு வந்துவிடும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படியும் போய்ச் சேரலாம். இப்பவே ஏன் இந்த அவசரம் என்று உம்மா கேட்பார். என் பிடிவாதம் என்று மட்டும் சொல்லும். வேறொன்றும் சொல்ல வேண்டாம். வந்துவிடும், மைமூனா.

உங்கள் இருவரையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்திருக்கும்,
அபூதாஹிர்