கடை எத்தனை மணி வரைக்கும்?

அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை முழுங்குறாரா, இல்லை சட்டைப் பையிலேயே வச்சுக்கிட்டுச் சுத்துறாரா? நான் நல்லா இருக்கேன்.

"அப்படி என்னதான்டி வேலை?"ன்னு கேட்டிருந்தே. எதுக்கெடுத்தாலும் பயந்து ஒடுங்கிப்போற பிள்ளைங்களுக்கு இங்க மூச்சுப் பயிற்சி தர்றாங்க, மனசுல ஓடுறதைப் பேச வைக்கிறாங்க, பயப்படுற காரியத்தையே கொஞ்சம் கொஞ்சமா செய்ய வைக்கிறாங்க. இதுல எது நிஜமா குணமாக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கிறதுதான் எங்க ஆராய்ச்சி. "குணமானா சரி, எதுல ஆனா என்ன?"ன்னு நீ சொல்லுவே.

போன மாசம் ஒரு கூத்து. ஃபோன்னாலே நடுங்குற ஒரு பொண்ணு, முன்பின் தெரியாத ஒருத்தருக்கு தினமும் ஃபோன் பண்ணிப் பழகணும். "இந்த ஊர்ல உன்னை யாருக்குமே தெரியாதே, நீதான் சரி"ன்னு எங்க டாக்டரம்மா என்னை அந்த ஃபோனை எடுக்குற கடைக்காரி ஆக்கிட்டாங்க. நானும் சிரிச்சுட்டேன்.

முதல் நாள் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்புறம் "கடை எத்தனை மணி வரைக்கும்?"னு கேட்டுட்டு டக்குன்னு வச்சுட்டா. போகப் போக, "இன்னைக்குக் கூட்டமா அக்கா?"ன்னு வம்பளக்க ஆரம்பிச்சா. இல்லாத கடைக்கு நானும் வாய்க்கு வந்த வியாபாரமெல்லாம் சொன்னேன்.

பயம் விட்டுப்போச்சுன்னு போன வாரம் நிறுத்திட்டாங்க. எல்லாரும் கைதட்டினோம். சாயங்காலமானா நான் மட்டும் ஃபோனை எதிர்ல வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

என் பழைய போர்வையை அனுப்புறியா? இங்கேயும் போர்வை கிடைக்கும், ஆனா அது வேணும். அப்புறம், தொந்தரவா இருக்கும்னு ஃபோன் பண்ணாம இருக்காதே. என்ன பேசுறதுன்னு தெரியலைன்னா, கடை எத்தனை மணி வரைக்கும்னு மட்டும் கேளு.

தபால்காரர் பெட்டியைத் திறந்துட்டார், ஓடுறேன்.

உன் மகள்,
கடைக்காரி