உனக்காக உப்புப் பார்த்தவள்

காலையில் பின்கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. ராத்திரி மழையில் உன் மரத்து மாம்பழங்கள் விழுந்து, பின்சந்து முழுக்க வெடித்துக் கிடந்தன. பாதி பழ வாசனை, பாதி புளித்த கள் வாசனை. அதற்குள் ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு போய் நல்லதைத் தனியாகவும் அடிபட்டதைத் தனியாகவும் பொறுக்கினேன். உன் சமையலறை ஜன்னல் மூடிக் கிடந்தது. நீ போனதிலிருந்து அது மூடித்தான் கிடக்கிறது. ஆனாலும் குனிந்து பொறுக்கும்போது, "அடிபட்டத இன்னிக்கே முடிச்சிரணும், நாளைக்குன்னா அது நமக்கு இல்ல" என்று நீ உள்ளேயிருந்து சொல்வது போலவே இருந்தது. வேலை ஓடவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இந்த புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிவந்த புதிதில் எல்லா வீட்டுக்குப் பின்னாலும் வெறும் மண்தான். சுவருக்கும் லோங்காங் சாக்கடைக்கும் நடுவே ஒரு கீற்று நிலம். மற்றவர்கள் அங்கே கிழிந்த மெத்தையையும் உடைந்த நாற்காலியையும் போட்டார்கள். நீ, பாசாரில் வாங்கித் தின்ற மாம்பழத்தின் கொட்டையை நட்டாய். நமக்கு ஒரே பெக்டரி, ஒரே லைன், ஒரே வேன். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் நீ குழி தோண்டுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது மொளச்சு, மரமாகி, காய்க்கிறதுக்குள்ள நாம கெழவியாயிருவோம்லா" என்றேன்.

"ஆகட்டுமே. கெழவிக்குத் திங்க ஒண்ணும் வேணாமா?"

அது நாம் கிழவியாகும்வரை காத்திருக்கவில்லை. உன் மகன் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்குள் காய்த்துவிட்டது. காய்த்தால் ஒரேயடியாகக் காய்க்கும். முதல் வாரம் கொடுத்தால் தெருவே வாங்கிக்கொள்ளும். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அதற்கடுத்த வாரம் நாம் பை தூக்கி வருவதைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூலைவீட்டு மலாய்க்கார அக்கா மட்டும் கதவைச் சாத்தவில்லை. பிஞ்சுக் காயைச் சீவிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து ஜெருக் போடுவதை உனக்குக் காட்டிக் கொடுத்தது அவர்தான். மற்றதெல்லாம் நீயாகச் செய்ததுதான். காற்றில் உதிர்ந்த காய்களை உப்பும் மஞ்சளும் பிரட்டி வற்றல் போட்டாய். முற்றிய காய் ஊறுகாயானது. பழுத்ததைப் பிழிந்து எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிக் காயவைத்து, பாய் மாதிரி சுருட்டி உரித்தாய்.

காயவைக்க நமக்கு இருந்த இடம் உன் வீட்டுக்காரரின் பழைய காரின் கூரைதான். மலாக்கா வெயிலை நம்ப முடியாது. மத்தியானம் வரை கொளுத்தும், மூன்று மணிக்கு இடி இடிக்கும். முதல் துளி விழுந்ததும் நீ அந்தப் பக்கமிருந்தும் நான் இந்தப் பக்கமிருந்தும் ஓடி வந்து தட்டுகளைத் தூக்குவோம். ஒருதடவை அவர் கூரையில் தட்டு இருப்பது தெரியாமல் காரை எடுத்துவிட்டார். முச்சந்திவரை வற்றல் சிந்திக்கொண்டே போனது. நீ நடுரோட்டில் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் மாரடைப்பில் போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதி, உனக்கு ரொம்ப நாளாகவே இருந்தது. பெக்டரியில் பாதிப் பேருக்கு இருந்தது. அதை நாம் ஒரு நோயாகவே எண்ணவில்லை. கால் வீங்கியபோது, நின்று வேலை செய்வதால் என்றாய். முகம் வீங்கியபோது, தூக்கம் போதவில்லை என்றாய். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்னபோது, நீ என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை. "நாளைக்கு ஷிப்டுக்கு யார்கிட்ட சொல்றது?" என்று மட்டும் கேட்டாய்.

அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் மலாக்கா டவுனில், கடைவரிசைக்கு மாடியில் இருந்த டயாலிசிஸ் சென்டர். உன் மகன் சிங்கப்பூரில் வேலை செய்தான். மாதம் ஒருமுறைதான் வர முடிந்தது. நான் வேலையை விட்டிருந்த சமயம், அதனால் காரில் நானே கூட்டிப்போனேன். முதல் வாரமே அங்கிருந்த நர்ஸ் மிஸி உன்னை உட்கார வைத்து, எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று சொன்னாள். மலாய்ப் பெண், சின்ன வயசு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். வாழைப்பழம், பலா, இளநீர், மாம்பழம். ஊறுகாய் என்று நான் கேட்டதற்குக் கையை வேகமாக ஆட்டினாள். தண்ணீருக்குக்கூட அளவு இருந்தது.

தாமானுக்குத் திரும்பும் சிக்னலில் கார் நின்றபோது, "நான் வச்ச ஒண்ணையும் நான் திங்கக் கூடாதுன்னா, இனிமே பின்கதவ எதுக்குடி தொறக்கணும்?" என்றாய். பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹார்ன் அடித்தான். வண்டியை எடுத்தேன்.

அந்த வருஷம்தான் மரம் என்றுமில்லாதபடி காய்த்தது. கிளைகள் உன் ஜன்னல்மேல் சாய்ந்து நின்றன. மகன் லீவு போட்டு வந்து, மரம் வெட்டுகிற ஆளோடு நின்றான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா ஆசப்பட்டு ஒருநாள் சாப்பிட்டுருவாங்க ஆண்ட்டி. நான் பக்கத்துல இல்ல, பயமா இருக்கு" என்றான். அவன் பயம் நியாயமானதுதான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

நீ நைட்டியோடு பின்வாசலுக்கு வந்தாய். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எனக்கு இல்லன்னா வேற யாருக்குமே இருக்கக் கூடாதாடா?"

"அப்படி இல்லம்மா..."

"அந்த ஆள அனுப்பிரு. இந்த வருஷம் ஊறுகா போடணும். மொளகாத்தூள் வாங்கிட்டு வா."

அவன் அந்த ஆளை அனுப்பிவிட்டு மிளகாய்த்தூள் வாங்கப் போனான். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான், நீ பார்க்கவில்லை.

நீ எப்போதும் இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, உப்பை முடிவு செய்கிறவள். இனி அது முடியாது. அன்றைக்கு ஊறுகாய்ச் சட்டியை என் பக்கம் தள்ளினாய்.

"பாத்துச் சொல்லு."

எடுத்து வாயில் வைத்தேன். "நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா இருக்கு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை சாப்பிட்ட எதையும் நான் அப்படி யோசித்ததில்லை. நீ விடவில்லை. உப்பு முன்னால் தெரிகிறதா, பின்னால் தெரிகிறதா? வெந்தயம் கசக்கிறதா, வாசனை மட்டும்தானா? காய் கடிபடுகிறதா, குழைகிறதா? கேட்டுக் கேட்டு என்னைப் பழக்கினாய். கொஞ்ச நாளில் எனக்கும் வந்துவிட்டது. "மொதல்ல காரம். அப்புறம் உப்பு. புளிப்பு கடைசியாத்தான் வருது, காதுகிட்ட வந்து இழுக்குது" என்று நான் சொல்லச் சொல்ல, நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். உன் தொண்டை ஏறி இறங்கும். நீ எச்சில் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

ஒருநாள் என்னால் முடியவில்லை. தொக்கு கிளறி இறக்கியிருந்தாய், வீடே மணத்தது. நீயோ காலையிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைத்தான் சப்பிக்கொண்டிருந்தாய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "உன் முன்னாடி வச்சுத் திங்க எனக்கு மனசு வரல. வேணாம்" என்றேன்.

நீ கோபப்படவில்லை. "நீயும் திங்கலன்னா எனக்கு இதுவும் இல்லாமப் போயிரும்" என்றாய். நான் கரண்டியை மறுபடி எடுத்தேன்.

பாட்டில்களில் அடைத்து மிஸிகளுக்குக் கொடுத்தாய், நோயாளிகளைக் கூட்டிவந்து விடுகிற சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தாய். கொடுக்கும்போதெல்லாம், "மெஷின்ல உக்கார்றவங்களுக்குக் குடுத்துராதீங்க, நீங்க மட்டும் சாப்பிடுங்க" என்று சொல்லியே கொடுப்பாய். உன் பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அங்கிள் இருந்தார். அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருதடவை கை நீட்டிவிட்டார். "கென்னாட்லா அங்கிள், யூ அண்ட் மீ சேம்" என்றாய். அவர் சிரித்தார், நீயும் சிரித்தாய். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அடுத்த பருவத்தில்தான் அந்த மிஸி ஒரு நல்ல சேதி சொன்னாள். உன் ரத்தம் ஒழுங்காக இருக்கிறது, மெஷின் ஓடத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் மட்டும் ஒன்றிரண்டு மெல்லிய துண்டு மாம்பழம் சாப்பிடலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்றாள். நீ நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாய். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். எந்தக் கிளைப் பழம், காகம் கொத்தாதது, கிழக்குப் பக்கம் வெயில் பட்டது, மரத்திலேயே பழுக்க விடலாமா, அரிசியில் வைக்கலாமா. கடைசியில் அரிசியில்தான் வைத்தாய். தினமும் எடுத்து மோந்து பார்த்தாய்.

அந்தக் காலையில் நீயே தோல் சீவினாய். இரண்டே துண்டு, விரல் கனம்கூட இல்லை. சின்ன டப்பாவில் போட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாய். மெஷின் ஓட ஆரம்பித்ததும் மிஸி தலையாட்டினாள். நான் டப்பாவைத் திறந்து பிடித்தேன். நீ முதல் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாய்.

ரொம்ப நேரம் மெல்லவில்லை. பிறகு மெதுவாக மென்றாய். உன் முகத்தில் ஏதோ வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாய்.

"ஆணிய சப்புன மாதிரி இருக்குடி."

நான் மிஸியைப் பார்த்தேன். சில பேருக்கு இந்த நோயில் நாக்கு அப்படி மாறிவிடும் என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். நீ அதைக் காதில் வாங்கினாயா என்று தெரியாது. டப்பாவை என் பக்கம் தள்ளினாய்.

"மரம் கெட்டுப்போச்சா? நீ தின்னு பாரு."

இரண்டாவது துண்டை எடுத்து வாயில் வைத்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பொய் சொல்லியிருக்கலாம், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை நாளும் என்னிடம் நீ கேட்டது பொய் இல்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.

எப்படி நல்லா இருக்கு என்று நீ கேட்கவில்லை. அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்கவில்லை. "அப்ப சரி. மரத்துக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் காலி டப்பாவைக் கைப்பைக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு நீ ஊறுகாய் போடவில்லை. காய் கொட்டியது, கூட்டி அள்ளினோம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மகன் வந்து சேர்ந்தான். ஒரு விடியலில் நீ போய்விட்டாய். உன்னை எடுத்துக்கொண்டு போனபோது பின்வாசலில் மரம் மறுபடி பூத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கருமாதிக்கு மறுநாள் டுரியான் துங்காலிலிருந்து வந்த உன் நாத்தனார் சமையலறையைச் சுத்தம் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் மீதியிருந்த பாட்டில்களையெல்லாம் கறுப்புப் பையில் கொட்டிக் கட்டிவிட்டார். "செத்தவ கையால போட்டது, யாரு திம்பா?" என்றார். கெட்ட மனசில் சொல்லவில்லை, அந்தப் பாட்டில்கள் எனக்கு என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பையில் எண்ணெய் ஒழுகி, குப்பைத்தொட்டிவரை தரையில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. நான் துடைப்பானை எடுத்துத் துடைத்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் நானே ஊறுகாய் போட்டுப் பார்த்தேன், பூஞ்சை பிடித்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது, எனக்குத் தெரிந்ததெல்லாம் உன் கை போட்டதைச் சொல்லத்தான், போடத் தெரியாது. இந்த வருஷம் போட்டது கெடவில்லை. உப்பு தூக்கலாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பேசாமல் சாப்பிடுகிறார். அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளவும் முடியாது. உன் மகன் போன வாரம் போன் செய்தான். வீடு விலை பேசி முடிந்துவிட்டதாம், வாங்குகிறவர் பின்னால் சமையலறையை நீட்டிக் கட்டப் போகிறாராம். "மரம் போயிரும் ஆண்ட்டி" என்றான். "பரவால்ல தம்பி" என்றேன்.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ கேட்காமல் விட்டதைச் சொல்ல வேண்டும். அந்த அறை ஏசியில் இருந்ததால் முதலில் குளிர்ச்சியாக இருந்தது. நார் இல்லை, பல்லுக்கு வேலையே இல்லை. இனிப்பு தேன் மாதிரி இல்லையடி, குலா மலாக்கா வெல்லம் மாதிரி, அடியில் கொஞ்சம் புகை பிடித்த இனிப்பு. தோலை ஒட்டிச் சீவிய இடத்தில் லேசாகப் பால் வாசனை. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கொட்டைப் பக்கமிருந்து ஒரு புளிப்பு வந்தது, மிகவும் சின்னதாக, நீ போடுகிற ஊறுகாயில் கடைசியாக வருமே, அதுதான். பிறகு விழுங்கினேன். விழுங்கிய பிறகும் அது நாக்கைவிட்டுப் போகவில்லை. மெஷின் நின்று, உன் கையில் கட்டுப்போட்டு, உன்னைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கி, காரில் உட்கார வைத்து, தாமான் வந்து சேரும்வரை எனக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது.