செவ்வாய்க்கிழமைக் கோட்டைகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

பேட்டில் ஊர் மடத்துக்குப் போனோம். காலையில் ஹேஸ்டிங்ஸில் தூறல், பதினொரு மணிக்கு விட்டது. ஹெரால்டு அரசன் போரில் விழுந்த இடம் என்று கல் பதித்த மூலையில் ஒரு பள்ளிக்கூடமே குவிந்து நின்றது. மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே துறவிகளின் கழிப்பறை இருந்த சுவருக்குப் போய்விட்டார்.

"ராஜா செத்த இடத்தை எல்லாரும் பாக்கறாங்க. இவனுங்க போன இடத்தை யாரு பாக்கறா, சொல்லு?"

"மெதுவா மாமா. டீச்சர் திரும்பிப் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அவங்களும் போறவங்கதானே."

முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தவர். என் மாமனார் வில்ஃப்ரெட் டாப்செல் என்றால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் மீட்டர் இருக்கும் மாடிப்படி அடியும் தெரிந்தவர் என்று பொருள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் புகை எங்கே போனது, தண்ணீர் எங்கே போனது என்றுதான் கேட்பார். சிம்மாசனம் எல்லாம் அப்புறம்.

எண்பத்து நாலு வயது. இன்று படிகளில் இரண்டு முறை நின்றார். காட்சியை ரசிப்பதுபோல நின்றார். நானும் ரசிப்பதுபோல நின்றேன்.

ஏப்ரல் 10

முழங்கால் வலி. அவருக்கு இல்லை, எனக்கு.

ஏப்ரல் 23, செவ்வாய்

போடியம் கோட்டை. அகழி நிறைய மீன்கள். கோட்டைக்குள் இருபத்தெட்டுக் கழிப்பறைகள், எல்லாம் அகழியில்தான் போய் விழுமாம். மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சொர்க்கத்துக்கு வந்தவர் மாதிரி. தேநீர்க் கடையில் அடுத்த மேஜைக்காரர்களிடம், "மீன் ஏன் இவ்ளோ கொழுத்திருக்குன்னு இப்பப் புரியுதா?" என்றார். அவர்கள் மீன் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது காரில் தூங்கிவிட்டார். நான் பழசை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

என் கணவன் ஏட்ரியன் என்னை விட்டு, கொரின் என்பவளோடு ஸ்வானெஜுக்குப் போய் ஆறு வருடமாகிறது. போன மறு வாரம் செவ்வாய்க்கிழமை, நான் இரவு உடுப்பிலேயே சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டு மணி. யாரோ கதவைத் தட்டினார்கள். அவன் அப்பா ஃபிளாஸ்கோடு நிற்கிறார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரை ஊர்ல கோட்டை பாக்கப் போறேன். கண்ணு மங்குது, வண்டி ஓட்ட பயமா இருக்கு. வர்றியா?" என்றார்.

போனேன். அதற்கு அடுத்த செவ்வாயும் போனேன். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எட்டு மாதம் கழித்துக் கண் பரிசோதனைக்கு வந்தார். அட்டையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விவாகரத்துத் தாளில் வீடு இருந்தது, கார் இருந்தது. மாமாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் அவரை நான் யாருக்கும் திருப்பித் தரவில்லை.

மே 5, ஞாயிறு

மாமா விழுந்துவிட்டார். எத்தனை கோட்டைப் படி ஏறியவர், சொந்த வீட்டு வாசல்படியில், பேப்பரை எடுக்கக் குனிந்து. எதிர்வீட்டு மிஸஸ் போக்கக்தான் பார்த்து எனக்குப் போன் செய்தாள். இடுப்பு எலும்பு. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேப்பர் நனையுது பார், எடுத்து வை" என்றார்.

மே 6

ஆஸ்பத்திரி. நர்ஸ் நல்ல பெண். "நீங்க அவருக்கு யாரு?" என்றாள்.

மருமகள் என்றேன். கொஞ்சம் யோசித்து, "முன்னாள்" என்றேன். முன்னாள் மருமகள் என்று ஒரு சொந்தம் உண்டா? அவள் தாளைப் பார்த்தாள். "மகன் பேருதான் இருக்கு. ஆபரேஷன் விவரமெல்லாம் அவர்கிட்டதான் சொல்ல முடியும். மன்னிச்சுக்குங்க."

தப்பு அவளுடையது இல்லை. வெளியே வந்து மெஷினில் காப்பி வாங்கி, குடிக்காமல் ஆற விட்டேன்.

சாயங்காலம் ஏட்ரியன் வந்தான். தலை பாதி நரைத்திருக்கிறது. எனக்கு ஏன் அது முதலில் கண்ணில் பட வேண்டும்?

மே 9

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஏட்ரியன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான், பழைய நாற்காலியில். சர்க்கரை எங்கே இருக்கும் என்று கேட்காமலே எடுத்தான். ஆத்திரமாக வந்தது.

"அப்பாவை ஸ்வானெஜுக்குக் கூட்டிட்டுப் போறேன் பெவ். எங்க வீட்டுக் கீழ்த் தளத்துல ஒரு ரூம் போடறோம்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"கேப்பேன். தனியா இருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டார்."

"அவர் தனியா இல்லையே. நான் ஒருத்தி இருக்கேன்ல?"

"நீ இவ்ளோ வருஷம் பாத்துக்கிட்டதுக்கு நான்…"

"உனக்காகப் பாத்துக்கல."

"தெரியும். ஆனா அவர் என் அப்பா பெவ்."

"மூணு கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போற மகன்! பேசறான் பாரு!"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். இந்த வீட்டில் இருந்த இருபத்து நாலு வருடத்தில் ஒரு கோப்பை கழுவியதில்லை. இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? கொரினா?

மே 12

எனக்கு ஒரு பிள்ளை பொறந்திருந்தா அந்தப் பிள்ளைக்குத் தாத்தான்னு சொல்லி மாமாவை வெச்சுக்கிட்டிருப்பேன்ல. எதைச் சொல்லி வெச்சுக்கறது இப்ப? என்ன பாத்தியதை எனக்கு? ஒண்ணுமில்ல. ஒரு மண்ணும் இல்ல.

மே 19

கீழ் அறையை ஒழித்தேன். தையல் மெஷின், பழைய திரைச்சீலைகள், ஏட்ரியன் விட்டுப்போன மீன்பிடிக் கழிகள். எல்லாம் மாடிக்கு. ஜன்னலைத் திறந்தால் கடல் ஒரு கீற்று தெரிகிறது. கட்டில் போடலாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 28, செவ்வாய்

மாமாவைப் போன வாரம் வீட்டுக்கு விட்டார்கள். சக்கர நாற்காலி. செவ்வாய்க்கிழமை என்றால் வெளியே போயே ஆக வேண்டும் என்று அடம். பெவன்சிக் கோட்டைக்குப் போனோம், வெளிமதிலுக்குள் தரை சமம். ஏட்ரியனும் வந்தான். அவன் தள்ள, நான் பக்கத்தில் நடந்தேன். எதிரே வந்த ஒரு அம்மாள், "என்ன அழகான குடும்பம்!" என்றாள். மூன்று பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்தோம்.

ரோமானியர் கட்டிய மதில். அதற்குள்ளே போர்க்காலத்தில் துப்பாக்கிக் குழி வைத்து, பழைய கல்போலவே பூசியிருக்கிறார்கள். மாமா அதைத் தடியால் தட்டிப் பார்த்து, "பழசு எது புதுசு எதுன்னு தெரியாம பூசினவன் கெட்டிக்காரன்" என்றார். வெயில் இதமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே கண்ணை மூடிவிட்டார்.

நாங்கள் இருவரும் புல்லில் உட்கார்ந்தோம். பசுக்களைப் பார்த்தோம். அப்புறம் ஏட்ரியன் சொன்னான்:

"பத்து வயசுல ஸ்கூல்ல இங்க கூட்டிட்டு வந்தாங்க. திரும்பிப் போய் அப்பாகிட்ட சொன்னேன், நாம ஒரு தடவை போலாம்பான்னு. என்ன சொன்னார் தெரியுமா? 'சுவரைப் பாக்க எதுக்குடா அவ்ளோ தூரம் போகணும்? நம்ம வீட்டுலயே நாலு இருக்கு.'"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமையும் மீட்டர் பாக்கப் போவார். ஓவர்டைம். எங்களுக்காகத்தான், தெரியும். ஆனா ஒரு கோட்டை பெவ், ஒரே ஒரு கோட்டைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனதில்ல. அவர் போன்ல ஒவ்வொரு பேரா சொல்லும்போது… டோவர், டீல், கேம்பர்… விடு. அம்பத்தாறு வயசுல இதைப் பேசறேன் பாரு. வெக்கமா இருக்கு."

அவனைத் திட்டவென்று ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவன் வைத்துவிட்டுப் போனதை நான் எடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்குக் கிடைக்கவே கிடைக்காததை அல்லவா எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 1, சனி

கேட்டுவிட்டேன். மாமா வீட்டுச் சமையலறையில், அவித்த முட்டையை அவருக்கு உடைத்துக் கொடுத்துக்கொண்டே.

"என் வீட்டுக் கீழ் ரூம் காலியா இருக்கு மாமா. கட்டில் போட்டாச்சு. ஜன்னல்ல கடல் தெரியும். என்கூடவே வந்துடுங்க."

அவர் கரண்டியை வைத்தார்.

"நீ கேக்கணும்னே இல்ல பெவ். பெட்டியைத் தூக்கிட்டு நானே வந்திருப்பேன்."

"அப்புறம் என்ன?"

"அன்னைக்குப் பெவன்சில நான் தூங்கல."

அவர் உப்பை எடுத்து, போடாமல், திரும்ப வைத்தார்.

"நாலு சுவருன்னு சொன்னேன்தான். அப்ப பெரிய ஜோக்கு சொல்லிட்டதா நெனச்சேன். அவன் அம்மா ம்யூரியல்கூடச் சிரிச்சா. அவன் சிரிக்கலைன்னு இப்பதான் தெரியுது." முட்டை ஓடுகளை ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் சேர்த்தார். "அவன் என்கிட்ட ஒண்ணு கேட்டு நாப்பத்தாறு வருஷம் ஆச்சு. இப்ப மறுபடி கேக்கறான். ரெண்டாவது தடவையும் மாட்டேன்னு சொல்லிட்டு நான் எப்படி…"

"போங்க மாமா," என்றேன். என் குரல்தான். எங்கிருந்து வந்ததோ.

"உன்னை விட்டுட்டுப் போறேன்னு நெனச்சுக்காத."

"நெனக்கல."

"நெனப்ப. வீட்டுக்குப் போய் நெனப்ப. எனக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் 15, சனி

போனார். மூன்று பெட்டி, ஒரு சக்கர நாற்காலி. காரில் ஏறும் முன் மிஸஸ் போக்கக்கை முத்தமிட்டார். அவள் ஒரு வாரத்துக்குப் பேசுவாள். எனக்கு முத்தம் இல்லை. என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "நல்லாச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

ஏட்ரியன் கண்ணாடியை இறக்கி, "பெவ், போர்ட்செஸ்டர் கோட்டை ரெண்டு பேருக்கும் நடுவுல வருது. கொஞ்சம் அவர் நடக்க ஆரம்பிச்சதும்…" என்றான். பார்க்கலாம் என்றேன். எல்லாரும் சொல்வதுதானே.

ஜூன் 18, செவ்வாய்

ஜன்னல்கள் துடைத்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஜன்னல்களில் அழுக்கு ஒன்றுமில்லை, மறுபடி துடைத்தேன்.

ஜூலை 16

மாமா போன். கோர்ஃப் கோட்டையைப் பார்த்தாயிற்றாம், கீழிருந்தே. "பாதி உடைஞ்சு கெடக்கு. இவன் அதுக்கு ஒரு மணி நேரம் சரித்திரம் சொல்றான் பெவ். காது வலிக்குது." பின்னால் ஏட்ரியன் சிரிக்கும் சத்தம். அவன் சிரித்து நான் கேட்டது எப்போது? பொறாமையாக இருந்தது. இரண்டு நிமிடம்தான். பிறகு தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்கினேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

போர்ட்செஸ்டர். சிசெஸ்டர் அருகே நெரிசல், நாற்பது நிமிடம் தாமதம்.

நிலப்பக்கத்து வாசலில் நுழைந்ததுமே தெரிந்தார்கள். அந்தப் பெரிய புல்வெளி தாண்டி, கடல்வாசல் பக்கத்து பெஞ்சில். மாமா இப்போது தடி ஊன்றி நடக்கிறார். ஏட்ரியன் அவர் முன்னால் மண்டியிட்டு ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். மாமா தடியால் சுட்டிக்காட்டி ஏதோ குற்றம் சொல்ல, அவன் அவிழ்த்து மறுபடி கட்டினான். மறுபடியும் சொன்னார். மறுபடியும் கட்டினான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவசரமாகப் போக ஒன்றுமில்லை என்று தோன்றியது.

மாமாதான் பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்து. "அங்க என்ன காவலா நிக்கற? வா, டீ ஆறுது!"

ஏட்ரியன் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தான். கடலைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் நீட்டினான். "கொரின் குடுத்தா. உனக்குன்னு சொல்லிக் குடுத்தா."

மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல், மதிலைக் கட்டியவன் திறமையைப் பற்றி உரக்கப் பேச ஆரம்பித்தார்.

எலுமிச்சைக் கேக். நன்றாக இல்லை என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வெறும் டப்பாவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. தோட்டத்தில் ஆப்பிள் பழுத்திருக்கிறது.