ஏழு தட்டுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை எதையும் மறைக்காமல் அப்படியே எழுதுகிறேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் விடுதியில் இந்த ஆண்டு தாழ்மைக்கு ஒரு வெள்ளிக் கோப்பை தருகிறார்கள். அறிவித்த நாளிலிருந்து ஜெபக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கு அடிதடி. முன்வரிசை காலியாகக் கிடக்கிறது. சிரிக்காதீர்கள், நானும் முண்டியடித்தேன்.

இரவு சாப்பிட்ட தட்டுகளைக் காலையில் முறைவைத்துக் கழுவுவோம். போன வாரம் தினமும் நாங்கள் சமையலறைப் பூட்டைத் திறக்கும்போதே எண்பது தட்டுகளும் கழுவி அடுக்கியிருந்தன. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"யாருடி அது? சொன்னா கோப்பை அவளுக்குத்தான்" என்றார் வார்டன் அக்கா.

ஏழு பேர் கை தூக்கினோம். ஆமாம் அப்பா, நானும்தான்.

"ஒரு தட்டுக்கு ஏழு கையா!" என்று சமையல் அம்மா சிரித்தார்.

இன்று காலை தட்டுகள் எச்சிலோடு கிடந்தன. ஏழு மட்டும் முகம் தெரியும்படி துலக்கித் தனியே வைத்திருந்தன. அடியில் பொறித்த எண்களைப் பார்த்தோம். எங்கள் ஏழு பேருடையவை. என்னுடையதைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது.

மாலையில் வார்டன் அக்காவிடம், "நான் பொய் சொன்னேங்க்கா" என்றேன்.

"இதுவும் கோப்பைக்காகவா?" என்று கேட்டார்.

இரவில் யாருக்கும் தெரியாமல் பாத்திரம் தேய்க்க நார் ஒன்றும், போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள். துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்